அரசாங்கத்துக்குப் பூட்டு! ஆஸ்பத்திரி செலவுக்கு யார் பணம் கட்டுவது?

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு நாள் லாரி வராமல் நின்றுவிட்டால் என்ன ஆகும்?

சுமை தூக்குகிறவருக்குக் கூலி இல்லை. டீக்கடைக்காரருக்கு வியாபாரம் இல்லை. சாப்பாட்டுக்கடை அம்மாளுக்கு அன்று வடித்த சோறு மீதி. மாலையில் வீட்டுக்கு வெறுங்கையோடு போகவேண்டும்.

ஒரு மார்க்கெட் ஒரு நாள் நின்றாலே இத்தனை குடும்பங்கள் தவிக்கின்றன. ஒரு நாட்டின் அரசாங்கமே நின்றுவிட்டால்?

"அப்படியும் நடக்குமா?" என்று கேட்பீர்கள்.

நடந்தது! அதுவும் உலகத்திலேயே பெரிய பணக்கார நாடான அமெரிக்காவில் நடந்தது. 2025-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி அங்கே அரசாங்கத்துக்குப் பூட்டு விழுந்தது. 43 நாள் கழித்து, நவம்பர் 12-ந் தேதி இரவுதான் அந்தப் பூட்டு திறந்தது.

என்ன சண்டை? யாராவது படை எடுத்து வந்தார்களா? இல்லை. பஞ்சமா? அதுவும் இல்லை.

"சாதாரண மக்களின் மருத்துவ இன்சூரன்சுக்கு சர்க்கார் தரும் உதவிப் பணம் தொடரவேண்டுமா, வேண்டாமா?" இதுதான் சண்டை!

"அது எங்கோ நடந்த கதை. நமக்கு என்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அதே கேள்வி நம் தமிழ்நாட்டிலும் எழுந்தது. திருவொற்றியூரிலும், ராயபுரத்திலும், எண்ணூரிலும், சாத்தாங்காட்டிலும் உள்ள ஒவ்வொரு குடும்பத்தின் அடுப்படி வரை அது வந்து நிற்கிறது.

பூட்டு எப்படி விழுகிறது?

அமெரிக்காவில் சர்க்கார் ஒரு ரூபாய் செலவு செய்வதானாலும் காங்கிரஸ் என்ற பார்லிமெண்டு அனுமதி தரவேண்டும். அவர்களுக்குப் புது வருடக் கணக்கு அக்டோபர் 1-ந் தேதி தொடங்கும். அதற்குள் பணச் சட்டம் நிறைவேற வேண்டும். நிறைவேறாவிட்டால் சர்க்கார் பெட்டியில் பணம் இருந்தாலும் எடுக்க முடியாது.

அந்த நிலையில் பல சர்க்கார் ஆபீசுகள் மூடப்படும். ஊழியர்களில் பலரை "வீட்டில் இருங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். விமானங்களுக்கு வழிகாட்டும் ஊழியர்கள் போன்றவர்கள் வேலை பார்த்தே தீரவேண்டும். ஆனால் சம்பளம் கையில் கிடைக்காது. பூட்டு திறந்த பிறகுதான் கிடைக்கும்.

2025-ல் அப்படித்தான் ஆயிற்று. லட்சக்கணக்கான ஊழியர்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். இன்னும் லட்சக்கணக்கானவர்கள் சம்பளம் இல்லாமல் வேலைக்குப் போனார்கள். 40 பெரிய விமான நிலையங்களில் விமானப் போக்குவரத்தைக் குறைக்கும்படி உத்தரவு போட்டார்கள்.

எல்லாவற்றையும் விடப் பரிதாபமானது ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஏழைகளுக்கு மாதாமாதம் உணவுப்பொருள் வாங்க சர்க்கார் பணம் தருகிறது. நம் ரேஷன் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பி இருப்பவர்கள் ஏறக்குறைய 4 கோடியே 20 லட்சம் பேர். நவம்பர் மாதம் பிறந்தபோது அந்தப் பணமும் தடைப்பட்டது. பணக்கார நாட்டில் தாய்மார்கள் இலவச உணவு வாங்க வரிசையில் நின்றார்கள்!

ஒபாமா கொண்டுவந்த சட்டம்

அமெரிக்காவில் வைத்தியச் செலவு பயங்கரமானது. நம் ஊரைப் போல வீதிக்குப் பக்கத்தில் இலவச சர்க்கார் ஆஸ்பத்திரி அங்கே கிடையாது. இன்சூரன்சு இல்லாதவர் ஆஸ்பத்திரி வாசற்படி ஏறவே அஞ்சுவார்.

முன்பு இன்சூரன்சு கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? "உனக்கு ஏற்கனவே நோய் இருக்கிறது. உன்னைச் சேர்க்கமாட்டோம்" என்று சொல்லிவிடும். நோயாளிக்குத்தானே இன்சூரன்சு வேண்டும்? அவனையே விரட்டினால் எப்படி?

2010-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி ஜனாதிபதி பராக் ஒபாமா ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதன்படி, பழைய நோயைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக்கூடாது. சொந்தமாக இன்சூரன்சு வாங்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் ஏழைக் குடும்பத்துக்கும் சர்க்கார் ஒரு பங்கு பணம் தரும்.

எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சி இதைக் கடுமையாக எதிர்த்தது. "சர்க்கார் இதில் ஏன் தலையிட வேண்டும்? வரிப்பணம் வீணாகிறது. இன்சூரன்சு விலையும் ஏறுகிறது" என்றது. 2013 அக்டோபரில் இந்தச் சட்டத்தை முன்னிட்டு 16 நாள் பூட்டு விழுந்தது. சுதந்திர தேவி சிலையைப் பார்க்க வந்தவர்கள்கூட ஏமாந்து திரும்பினார்கள்!

பிறகு 2021-ல், கொரோனா காலத்தில், இந்த உதவிப் பணத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். கூடுதல் உதவிக்கு 2025 டிசம்பர் வரை கெடு. "கெடுவை நீட்டவேண்டும்" என்றது ஜனநாயகக் கட்சி. "முதலில் பூட்டைத் திற. பிறகு பேசலாம்" என்றது குடியரசுக் கட்சி. இரண்டு பக்கமும் விட்டுக் கொடுக்கவில்லை.

உதவி நின்றால் என்ன ஆகும்? கே.எப்.எப். என்ற ஆராய்ச்சி நிலையம் கணக்குப் போட்டது. உதவி பெறும் ஒருவர் ஆண்டுக்கு சராசரி 888 டாலர் கட்டுகிறார். உதவி நின்றால் 1,904 டாலர் கட்டவேண்டி வரும் என்றது. அதாவது இரண்டு மடங்குக்கும் மேல்! உதவி பெற்றவர்கள் ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் பேர்.

கடைசியில் பூட்டு திறந்தது. உதவி நீடிக்கவில்லை. அந்த ஆண்டு முடிவோடு கூடுதல் உதவி காலாவதி ஆயிற்று.

நம் நாட்டில் பூட்டு விழுமா?

இதைப் படித்ததும் ஒரு பயம் வரும். "நம் ஊரிலும் இப்படி ஆகுமா? ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பூட்டுவார்களா? ரேஷன் கடையை மூடுவார்களா?"

பயப்படவேண்டாம். நம் அரசியல் சட்டம் வேறு விதமானது.

இங்கேயும் பார்லிமெண்டும் சட்டசபையும் அனுமதி தந்தால்தான் சர்க்கார் பணத்தை எடுக்க முடியும். ஆனால் பட்ஜெட் தயாராக நேரமானால், சில மாதச் செலவுக்கு மட்டும் முன்கூட்டி அனுமதி வாங்க வழி உண்டு. வீட்டில் சம்பளக் கணக்குப் போடுவதற்கு முன்னால், பால்காரருக்கும் மளிகைக்கும் மட்டும் பணம் எடுத்து வைப்பது போல!

பட்ஜெட்டை சபை தோற்கடித்துவிட்டால் என்ன ஆகும்? ஆபீசுகளை மூடமாட்டார்கள். மந்திரிசபைதான் வீட்டுக்குப் போகவேண்டும். அமெரிக்காவில் ஜனாதிபதியும் நாற்காலியில் இருப்பார், காங்கிரசும் இருக்கும். இருவரும் மல்லுக்கட்டினால் நடுவில் நசுங்குவது ஊழியரும் ஏழையும்தான்.

2021-ம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் தமிழ்நாட்டில் இடைக்கால பட்ஜெட் வந்தது. அடுத்து தேர்தல். மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்டில் புது சர்க்கார் திருத்திய பட்ஜெட்டைக் கொண்டுவந்தது. நடுவில் எந்த ஆஸ்பத்திரிக்காவது பூட்டுப் போட்டார்களா? இல்லை. அந்த மாதங்களில்தான் கொரோனா வார்டுகள் இரவு பகலாக இயங்கின.

ஆனால் ஒன்று. நம் ஊரில் அரசாங்கம் நிற்காது. ஒரு திட்டம் நிற்கலாம்! அப்படி ஒரு முறை நின்றது. அந்தக் கதைக்கு வருவோம்.

அண்ணனும் தம்பியும்

அண்ணன், தம்பி இருவர் என்று வைத்துக்கொள்வோம். கற்பனைதான். ஆனால் இப்படிப்பட்ட குடும்பங்கள் வடசென்னையில் தெருவுக்குத் தெரு உண்டு.

அண்ணனுக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. மாதச் சம்பளம். சட்டைப் பையில் இ.எஸ்.ஐ. அட்டை.

தம்பிக்கு சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் சுமை வேலை. லாரியில் இருந்து கம்பிக்கட்டை இறக்குவார். தகட்டை நகர்த்துவார். இன்றைய கூலி இன்றைக்கு. இன்று ஒரு முதலாளி, நாளை வேறு முதலாளி.

ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள். ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள். ஆனால் நோய் வந்தால் இருவர் நிலையும் ஒன்றல்ல.

100 ரூபாய்க்கு 75 காசு

அண்ணன் கதை முதலில்.

தொழிலாளிக்கு நோய் வந்தால் குடும்பம் தெருவுக்கு வரக்கூடாது என்று 1948-ல் பார்லிமெண்டில் ஒரு சட்டம் வந்தது. தொழிலாளர் அரசு இன்சூரன்சு சட்டம் என்று பெயர். சுதந்திரம் வந்த மறு வருடமே வந்த சட்டம்! 1952 பிப்ரவரி 24-ந் தேதி கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. கான்பூரில் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். 1955-ல் நம் மாநிலத்துக்கும் வந்தது.

இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? 2019 ஜூலையில் நிர்ணயித்த கணக்குப்படி, 100 ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளி 75 காசு தருகிறார். முதலாளி 3 ரூபாய் 25 காசு தருகிறார்.

அண்ணனுக்கு 20,000 ரூபாய் சம்பளம் என்றால், அவர் பங்கு 150 ரூபாய். முதலாளி பங்கு 650 ரூபாய். மாதம் 800 ரூபாய் அவர் பேரில் சேருகிறது.

அதற்கு என்ன கிடைக்கிறது? அவருக்கும் மனைவி மக்களுக்கும் வைத்தியம். அது மட்டுமல்ல. நோயில் படுத்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 100-க்கு 70 பங்கு கிடைக்கும்.

இதுதான் முக்கியம். நோய் வந்தால் குடும்பத்துக்கு இரண்டு அடி விழுகிறது. ஒன்று ஆஸ்பத்திரிச் செலவு. மற்றொன்று வருமானம் நின்று போவது. அண்ணனுக்கு இரண்டு அடிக்கும் கவசம் உண்டு.

ஆனால் அந்தக் கவசத்துக்கும் எல்லை உண்டு. 2017 முதல் மாதச் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய் என்று வைத்தார்கள். சம்பளம் அதைத் தாண்டினால் திட்டத்தில் இருந்து வெளியே போகவேண்டும். "சம்பள உயர்வு கிடைத்தது. இ.எஸ்.ஐ. போய்விட்டதே!" என்று வருந்தும் தொழிலாளர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு.

தம்பிக்கு அட்டை வந்தது

தம்பியின் நெஞ்சில் வலி. இரும்பு தூக்கிய வலி என்று நினைத்துத் தைலம் தடவினார். வலி போகவில்லை. டாக்டர் பார்த்தார். "இருதயக் குழாயில் அடைப்பு. ஆபரேஷன் செய்யவேண்டும்" என்றார்.

இது 2008-ல் நடந்திருந்தால் என்ன ஆகி இருக்கும்?

இரண்டே வழிதான். ஒன்று, சர்க்கார் ஆஸ்பத்திரியில் முறை வரும்வரை காத்திருக்கவேண்டும். மற்றொன்று, தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அதற்குப் பணம்? மனைவி கழுத்தைத் தடவிப் பார்ப்பாள். தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போகும். அதுவும் போதாது. கந்து வட்டிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டவேண்டும்.

2009 ஜூலை 23-ந் தேதி முதல்-மந்திரி கருணாநிதி ஒரு திட்டத்தைத் தொடங்கினார். உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று பெயர். ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களும், தொழிலாளர் நல வாரிய உறுப்பினர்களும் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு 4 ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை ஆபரேஷன் செலவு. இன்சூரன்சு கட்டணத்தை சர்க்காரே கட்டும். ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் கம்பெனி நடத்தியது.

தம்பி வீட்டுக்கு அட்டை வந்தது. "ஏங்க, இந்த அட்டையைக் காட்டினால் பெரிய ஆஸ்பத்திரியிலேயே பார்ப்பாங்களாம்" என்று மனைவி அதை சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினாள். கூலிக்காரன் குளிர்சாதன ஆஸ்பத்திரிக்குள் தலை நிமிர்ந்து நுழைய அந்த அட்டை வழி செய்தது. இது பெரிய மாறுதல்.

அதே சமயம் விவாதமும் எழுந்தது.

"சர்க்கார் பணம் கம்பெனிக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்கும் போகிறது. அந்தப் பணத்தை சர்க்கார் ஆஸ்பத்திரிக்கே கொடுத்தால் என்ன?" என்று கேட்டார்கள். "4 ஆண்டுக்கு 1 லட்சம் எப்படிப் போதும்?" என்றும் கேட்டார்கள்.

"ஆஸ்பத்திரி கட்டி முடியும் வரை நோயாளி காத்திருப்பானா? இன்றைக்கே உயிரைக் காப்பாற்ற இதுதான் வழி" என்று மறு தரப்பு பதில் சொன்னது.

அட்டை நின்றது!

2011 மே மாதம் ஆட்சி மாறியது. ஜெயலலிதா முதல்-மந்திரி ஆனார். பழைய திட்டத்தைக் கைவிட்டுப் புது திட்டம் கொண்டுவருவதாக ஜூன் மாதம் கவர்னர் உரையில் அறிவிப்பு வந்தது.

புது திட்டம் எப்போது வந்தது? 2012 ஜனவரி 11-ந் தேதி!

பழைய திட்டம் போய்ப் புது திட்டம் வருகிற வரை சில மாதங்கள் ஓடின. நம் தம்பிக்கு அந்த மாதங்களில் நெஞ்சுவலி வந்திருந்தால்? சாமி படத்துக்குப் பின்னால் அட்டை இருக்கிறது. ஆனால் அது வெறும் அட்டை.

நோய்க்கு ஆட்சி மாற்றம் தெரியுமா? இருதய அடைப்பு தேதி பார்த்தா வரும்?

புது திட்டத்தின் பெயர், முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவ காப்பீட்டுத் திட்டம். பழைய குறை சிலவற்றை இது தீர்த்தது என்பதையும் சொல்லவேண்டும். 4 ஆண்டுக்கு 1 லட்சம் என்பது, ஆண்டுக்கு 1 லட்சம் என்று மாறியது. சில பெரிய நோய்களுக்கு ஒன்றரை லட்சம். 1,016 வகை சிகிச்சைகள் பட்டியலில் வந்தன. சர்க்கார் கம்பெனியான யுனைடெட் இந்தியா இன்சூரன்சு பொறுப்பு ஏற்றது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தாலும் இன்சூரன்சுப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர வழி செய்தார்கள்.

2018 செப்டம்பரில் மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் வந்தது. தமிழ்நாடு தன் திட்டத்தை அதோடு இணைத்துக்கொண்டது. 2021-ல் மறுபடியும் ஆட்சி மாறியது. இந்த முறை திட்டத்தை நிறுத்தவில்லை. 2022 ஜனவரியில் மேலும் 5 ஆண்டுக்கு நீட்டினார்கள். தொகை 5 லட்சம் ரூபாய். வருமான வரம்பு 72,000-ல் இருந்து 1,20,000 ஆக உயர்ந்தது.

ஒரு கட்சி தொடங்கியதை மறு கட்சி மாற்றியது. அதை முதல் கட்சி மறுபடியும் தொடர்ந்தது. 2011-ல் கற்ற பாடம் 2021-ல் பயன்பட்டது என்று சொல்லலாம்.

கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி

அட்டை நின்ற மாதங்களில் தம்பிக்கு ஒரு வாசல் மட்டும் திறந்தே இருந்தது. அது ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசல்.

வயதானவர்கள் இதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782-ல் பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் இதற்கு வேர். கஞ்சி குடிக்க வந்தவர்களில் நோயாளிகள் இருந்தார்கள். அவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். அதுவே வளர்ந்து ஆஸ்பத்திரி ஆனது. கவர்னர் ஸ்டான்லி பெயர் பிறகு வந்தது. 1938-ல் மருத்துவக் கல்லூரியும் ஆனது.

இரும்பு மார்க்கெட் தொழிலாளிக்கு ஸ்டான்லி ரொம்பவும் வேண்டிய இடம். ஏன் தெரியுமா? கை! இரும்பு வேலையில் முதலில் அடிபடுவது கைதான். விரல் நசுங்கும். நரம்பு அறும். கை ஆபரேஷனுக்கு ஸ்டான்லியில் தனிப் பிரிவு உண்டு. டாக்டர் வெங்கடசாமி வளர்த்த அந்தப் பிரிவு நாடு முழுவதும் பெயர் பெற்றது. 2018-ல் இரண்டு கைகளையும் இழந்த ஒரு தொழிலாளிக்கு, இறந்துபோன ஒருவரின் இரண்டு கைகளையும் எடுத்துப் பொருத்தி அதிசயம் செய்தார்கள்.

அட்டை வந்தாலும் போனாலும் ஆஸ்பத்திரி இருக்கவேண்டும். டாக்டரும் நர்சும் மருந்தும் இருக்கவேண்டும். அமெரிக்கா நமக்குக் கற்றுத்தருகிற பாடமும் இதுதான். இன்சூரன்சை மட்டுமே நம்பிய நாட்டில், இன்சூரன்சு விலை ஏறினால் ஏழைக்கு வேறு வாசல் சுலபத்தில் கிடைப்பதில்லை.

5 ரூபாய் டாக்டர்

இன்னொரு வாசலையும் வடசென்னை மறக்காது.

பழைய வண்ணாரப்பேட்டையில் டாக்டர் ஜெயச்சந்திரன் என்று ஒருவர் இருந்தார். முதலில் 2 ரூபாய் வாங்கினார். பிறகு 5 ரூபாய். "5 ரூபாய் டாக்டர்" என்றால் குழந்தைக்கும் தெரியும். 2018 டிசம்பரில் அவர் காலமானார். இறுதி ஊர்வலத்தில் ஏழைகள் கண்ணீரோடு நடந்தார்கள்.

அவர் செய்தது என்ன? ஜுரம், இருமல், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று தினசரி நோய்களைப் பார்த்தார். மருத்துவ இன்சூரன்சு அட்டை இதற்கு உதவாது! அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் பெரிய சிகிச்சைக்குத்தான். ஆனால் சிறு நோயை ஆரம்பத்தில் பார்த்தால்தானே பெரிய நோய் வராது? ரத்த அழுத்தத்துக்கு ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் இருதய ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமே?

அதனால்தான் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் போன்ற திட்டங்கள் முக்கியம். வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை தருகிறார்கள்.

ஆயிரம் குடும்பம், ஒரு உண்டியல்

இன்சூரன்சு என்பது என்ன? சீட்டு இல்லை. வட்டி இல்லை. ஊருக்குப் பொதுவான உண்டியல்.

2022-ல் தமிழ்நாட்டுத் திட்டத்துக்கு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் கட்டணம் என்று நிர்ணயித்தார்கள். சர்க்கார் கட்டுகிற பணம் இது. நம் வரிப்பணம்.

ஒரு கணக்குப் போடுவோம். சாத்தாங்காட்டில் 1,000 குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 849 ரூபாய் வீதம் 8 லட்சத்து 49 ஆயிரம் ரூபாய் சேரும். அந்த ஆண்டு 10 குடும்பத்துக்கு ஆபரேஷன். ஒன்றுக்கு 80,000 ரூபாய். மொத்தம் 8 லட்சம். உண்டியலில் 49 ஆயிரம் மீதி.

10 பேர் பிழைத்தார்கள். மீதி 990 குடும்பம் நஷ்டப்பட்டதா? இல்லை. "நமக்கு வந்தாலும் கவலை இல்லை" என்று ஓர் ஆண்டு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

சரி. 10 குடும்பத்துக்குப் பதில் 20 குடும்பத்துக்கு ஆபரேஷன் தேவைப்பட்டால்? உண்டியல் காலி. அடுத்த ஆண்டு கட்டணத்தை உயர்த்தவேண்டும். அல்லது சிகிச்சைக்குத் தரும் தொகையைக் குறைக்கவேண்டும். தொகையைக் குறைத்தால் தனியார் ஆஸ்பத்திரி "கட்டுப்படி ஆகாது" என்று முகம் சுளிக்கும். அமெரிக்காவானாலும் அயனாவரமானாலும் விவாதத்தின் முடிச்சு இதுதான். பணத்தை யார் போடுவது? எவ்வளவு போடுவது?

சொந்தப் பணத்தில் இன்சூரன்சு வாங்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு ஒரு சிறு ஆறுதலும் உண்டு. தனிநபர் மருத்துவ இன்சூரன்சுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. வரியை 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கினார்கள். நாடு முழுவதும் எழுந்த விவாதத்துக்குப் பிறகு கிடைத்த பலன் அது.

தம்பிக்கு இன்னும் ஒரு குறை

இப்போது தம்பியின் கையில் 5 லட்சம் ரூபாய் அட்டை. ஆபரேஷன் ஆயிற்று. பிழைத்துவிட்டார். வீட்டுக்கு வந்தார்.

"மூன்று மாதம் பாரம் தூக்கக்கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அண்ணே, மூணு மாசம் அரிசிக்கு என்ன பண்றது?" என்று தம்பி கேட்டார். அண்ணனிடம் பதில் இல்லை.

அண்ணனுக்கு நோய் வந்தால் கூலியில் 70 பங்கு வீடு தேடி வரும். தம்பிக்கு ஒரு காசும் வராது. ஆஸ்பத்திரியில் கூட இருந்த மனைவியின் வேலையும் போயிற்று. ஆபரேஷனுக்கு வாங்காத கடனை இப்போது அரிசிக்கு வாங்கவேண்டும். அடகுக்கடைக்குப் போகாமல் தப்பிய தாலிக்கொடி, இப்போது போகிறது.

சுமை தூக்கும் தொழிலாளர்களைக் காக்க 1982-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. நல வாரியமும் இருக்கிறது. சில உதவிகளும் உண்டு. ஆனால் நோயில் படுத்த நாளுக்குக் கூலி என்ற ஏற்பாடு அண்ணனுக்கு இருப்பது போலத் தம்பிக்கு இல்லை. அரசியல் கட்சிகள் மேடை ஏறி விவாதிக்கவேண்டிய அடுத்த கேள்வி இதுதான்.

அட்டை உங்கள் வீட்டில் இருக்கிறதா?

படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று தேடுங்கள்.

இல்லாவிட்டால், கிராம நிர்வாக அதிகாரியிடம் வருமானச் சான்று வாங்குங்கள். ரேஷன் கார்டையும் ஆதார் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். கலெக்டர் ஆபீசில் இதற்குத் தனி மையம் உண்டு. சென்னைக்காரர்களுக்கு ராஜாஜி சாலையில் உள்ள சிங்காரவேலர் மாளிகை. கடற்கரை ரெயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். தொழிலாளர்களுக்காக உழைத்த சிங்காரவேலர் பெயரில் உள்ள அந்தக் கட்டிடத்துக்குத் தொழிலாளி தயங்காமல் போகலாம்.

புதிதாகப் பிறந்த குழந்தை பெயரும், வீட்டுக்கு வந்த மருமகள் பெயரும் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்று பாருங்கள். நோய் வந்த பிறகு ஓடினால் நாள் வீணாகும்.

நல வாரியத்தில் பதிவு செய்யாத சுமைத் தொழிலாளி உடனே பதிவு செய்யவேண்டும். இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்கிற கம்பெனியில் வேலை பார்ப்பவர், தன் பெயரில் பணம் ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். கேட்பது குற்றம் இல்லை. அது உங்கள் பணம்.

சாலையில் அடிபட்டால் பணம் இல்லையே என்று தயங்கவேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு உதவும் திட்டம் 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் வந்தது. கண்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடும் எண்ணூர், மணலி சாலைகளில் இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

இன்னொன்றும் உண்டு. 2022 ஜனவரியில் 5 ஆண்டுக்கு நீட்டிய திட்டம் அது. ஒப்பந்தத்துக்குக் கெடு உண்டு. கெடு முடிகிற ஒவ்வொரு முறையும் புது ஒப்பந்தம் போடவேண்டும். கம்பெனி மாறட்டும். பெயர் மாறட்டும். ஆட்சிகூட மாறட்டும். பழைய அட்டை முடிகிற நாளுக்கும் புது அட்டை தொடங்குகிற நாளுக்கும் நடுவே ஒரு நாள்கூட இடைவெளி இருக்கக்கூடாது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், எந்தக் கட்சியானாலும், இந்த ஒரு வாக்குறுதியைக் கேட்டு வாங்குங்கள்.

ஏனென்றால் அந்த ஒரு நாளில்தான், சாத்தாங்காட்டில் கம்பிக்கட்டை இறக்கிக்கொண்டிருக்கும் ஒரு தம்பி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரக்கூடும்.